சொந்த விருப்பத்தின் பேரில்

லிஃப்ட்காரருக்கு மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தைதான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் நின்று கம்பிக் கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, கூடவே பேச்சும். ஆஸ்பத்திரியில் பதினேழாம் நாள் நர்ஸ் வந்து மூக்கில் குழாய் செருகப் பார்த்தபோது, எந்த ஆழத்திலிருந்தோ ஒரு சொல் எழும்பி வந்தது.

"வேணாம்."

பேச்சு திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். பார்த்தால், திரும்பியது அது ஒன்றுதான். பசித்தாலும் வேணாம், வலித்தாலும் வேணாம், டீ நன்றாக இருந்தாலும் வேணாம்.

அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சொல் கிடக்கிறது என்று அவருடைய தங்கச்சிக்குத் தெரியும். இழுத்துச் சொன்னால் பசி. வெடுக்கென்று சொன்னால் டிவி சத்தம் அதிகம். கடைசி எழுத்தை மூக்குக்குள் வாங்கிக்கொண்டால், பக்கம் மாற்றிப் படுக்க வைக்கணும். அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசல்வரை கூட வருகிற 'வேணாம்' ஒன்று உண்டு. பார்த்துப் போ என்று அதற்கு அர்த்தம். அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவர், கேலிக்காரர். "நம்ம மச்சான்கூட மட்டும் சீட்டாடக் கூடாது. கையில என்ன வெச்சிருக்காருன்னு தெய்வத்தாலகூடக் கண்டுபிடிக்க முடியாது" என்பார். லிஃப்ட்காரர் பாதி வாயால் சிரிப்பார். சிரித்து முடித்து, வேணாம் என்பார்.

ஊரெல்லாம் லிஃப்ட் ஓட விட்ட மனுஷன், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கிடந்தார். தங்கச்சி வீடு அது. அவருக்கென்று வேறு யாரும் இல்லை.

ஆரம்பத்தில் நலத்துறை உதவி வாங்க அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. சர்டிஃபிகேட்டுக்கு ஒரு ஆபீஸ், சக்கர நாற்காலிக்கு இன்னொரு ஆபீஸ், வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிடும் உதவியாளுக்கு மூன்றாவது ஆபீஸ். ஒன்றில் கொடுத்த காகிதம் மற்றொன்றுக்குப் போகாது. ஒரு ஆபீஸ் கணக்கில் அண்ணன் நடமாடிக்கொண்டிருந்தார், இன்னொன்றில் அப்படி ஒரு ஆளே இல்லை. ஒரு வருஷம் அலைந்துதான் உதவியாள் கிடைத்தான். பெரிய மீசை வைத்திருந்ததால் மீசை என்றே பெயராகிவிட்டது. தினமும் காலையில் இரண்டு மணி நேரம். தூக்குவான், குளிப்பாட்டுவான், கைகாலை மடக்கி நீட்டிவிடுவான். தொடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் தொடுவான். "அண்ணே, இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம். கை குடுங்க. எதிர்ல வண்டி ஒண்ணும் வரல, தைரியமா திரும்பலாம்."

நாலு மாசத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மூன்று ஆபீஸும் ஒன்றாயிற்று. ஆளுக்கு ஒரு நம்பர், போனில் ஒரு ஆப். நாற்காலியின் டயர் போனது என்று பதிவு செய்தால் நாலாம் நாள் புது டயர் வீட்டுக்கு வந்தது. முன்பென்றால் நாலு மாசம் ஆகியிருக்கும். தங்கச்சியே வேலை செய்யும் இடத்தில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னாள். உதவியாள் விஷயத்தையும் திருத்தினார்கள். இன்னாருக்கு இன்னார் என்று இல்லாமல், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்கிறாரோ அவரை ஆப்பே அனுப்பும். ஐம்பது நிமிஷ வேலை. மீசைக்கு வேறு வட்டம் போட்டுவிட்டார்கள். போகும்போது அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "தங்கச்சி, நிறைய பேரு காத்துக்கிட்டு இருக்காங்களாம். இப்படிச் செஞ்சா எல்லாருக்கும் கிடைக்கும்ங்கறாங்க. அதுவும் நியாயந்தானே?"

நியாயம்தான். அவளும் அப்படித்தான் நினைத்தாள். அவள் ஏழு மணிக்கே கிளம்பி விடுகிறவள். வேன்காரர் அதற்கும் முன்னால். சாவி மீட்டர் பெட்டிக்குள் தொங்கும். அண்ணனின் போன் அவர் இடது கைக்கு எட்டுகிற மாதிரி தலையணை ஓரம் கிடக்கும். எட்டரைக்கு யாரோ வருவார்கள், ஒன்பது இருபதுக்கு 'சேவை நிறைவடைந்தது' என்று அவள் போனில் மணி அடிக்கும். தையல் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே அந்த மணியைக் கேட்டதும் அவள் மனசு ஒரு தரம் இறங்கி நிற்கும். சட்டைக்குக் காலர் வைக்கிற வேலை அவளுக்கு. மணி அடித்த பிறகு வைக்கிற காலர்கள் கோணாமல் வந்தன.

அந்தத் திங்கட்கிழமை மணி அடிக்கவில்லை.

ஒன்பது இருபது போய், பத்தும் ஆனது. பதினொன்றுக்கு சூப்பர்வைசரிடம் வயிற்று வலி என்று பொய் சொல்லிவிட்டு ஓடினாள். மூச்சு வாங்க மாடியேறிக் கதவைத் திறந்தால், அண்ணன் நேற்று இரவு படுக்க வைத்த அதே பக்கமாகக் கிடந்தார். படுக்கை நனைந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வாரமாக ஓயாத காற்று. எந்த வீட்டிலோ கதவு ஒன்று அடித்து அடித்துத் திறந்தது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆப்பைத் திறந்தாள். 'சேவை முடித்துக்கொள்ளப்பட்டது. காரணம்: பயனாளியின் சொந்த விருப்பம்' என்று இருந்தது.

இதென்ன கூத்து என்று ஆபீஸ் எண்ணுக்கு அடித்தாள். ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று அது அவளைச் சுற்றவிட்டு, கடைசியில் நேரில் வரச் சொன்னது. நேரில் போவதற்கு நேரம் தேதி வாங்க வேண்டும். வியாழக்கிழமைக்குக் கிடைத்தது.

அந்த மூன்று நாளும் வீடு வீடாக இல்லை. விடியும்போதே எழுந்து அவளும் புருஷனுமாக அண்ணனைத் தூக்கினார்கள். மீசை தனியாளாகத் தூக்கியதை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. அதற்கென்று ஒரு வித்தை இருந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை குளியலறை வாசலில் வேன்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அண்ணன் வழுக்கினார். தலை அடிபடாமல் அவள் தன் கையை அடியில் கொடுத்தாள். மணிக்கட்டு வீங்கிப்போனது. வீங்கிய கையோடு காலர் வைத்தாள், எட்டுச் சட்டை திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் கெட்ட மனுஷி இல்லை. "இங்க பாரு, உனக்குக் கஷ்டம், புரியுது. ஆனா உன் மெஷின்ல துணி தேங்கினா பின்னால பதினெட்டு பேரு சும்மா உக்காந்திருக்காங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றாள்.

புதன்கிழமை அண்ணனின் இடுப்பில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவந்திருந்தது. அழுத்தினால் வெளுக்கவில்லை. படுக்கைப் புண் அப்படித்தான் தொடங்கும் என்று மீசை முன்பே சொல்லியிருந்தான்.

நலத்துறை ஆபீஸ் புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், நம்பர் காட்டும் திரை. கூட்டம் இல்லை. பழைய ஆபீஸின் தள்ளுமுள்ளு அவளுக்கு ஞாபகம் வந்தது. ஏழாம் நம்பர் ஜன்னலில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தாள். கீபோர்டில் இரண்டே விரலால் தட்டினாள். ஆனால் வேகமாகத் தட்டினாள்.

"உக்காருங்கம்மா. யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு. பக்கவாதம். உதவியாள நிறுத்திட்டீங்க."

"நாங்க நிறுத்தலம்மா. அவரே வேணாம்னு சொல்லியிருக்காரு."

தங்கச்சி பையிலிருந்து டாக்டர் கடிதத்தை எடுத்து வைத்தாள். வரும் வழியிலேயே நினைத்ததுதான், இப்படித்தான் ஏதோ நடந்திருக்கும் என்று. "மேடம், அவருக்கு வர்றதே அந்த ஒரு வார்த்தைதான். உங்களுக்கு உசிரு வேணுமான்னு கேட்டாலும் வேணாம்பாரு. டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு, பாருங்க."

ஏழாம் நம்பர் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு உச்சுக்கொட்டினாள். "அடப்பாவமே. மூணு மாசத்துக்கு ஒரு தரம் மெஷினே எல்லாருக்கும் போன் போட்டுக் கேக்கும்மா. சேவை தொடரணுமான்னு. தேவையில்லாதவங்களுக்கு ஆள அனுப்பிக்கிட்டு இருந்தா தேவைப்படறவங்களுக்கு ஆள் இல்லாமப் போயிடுது இல்லையா, அதுக்காக. மூணு தரம் கேட்டு, மூணு தரமும் வேணாம்னா தானா மூடிடும்." திரையைத் திருப்பினாள். "ரெக்கார்டிங்கூட இருக்கு. அவரு குரல்தானான்னு ஒரு தரம் கேட்டுடுங்க. அப்புறம், தவறா பதிவாயிடுச்சுன்னு இந்தத் தாள்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இன்னைக்கே திறந்து விட்டுடறேன். நாளைக்குக் காலையில ஆள் வரும்."

இவ்வளவு சுலபமா என்று அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அம்மாள் பொத்தானைத் தட்டினாள். மெஷின் பெண் குரலில் தேனாகக் கேட்டது: உங்களுக்கு வீட்டு உதவியாளர் சேவை தொடர்ந்து தேவையா?

"வேணாம்."

யாரோ போன் செய்திருக்கிறார்கள் என்கிற வேணாம் அது. ஹலோ மாதிரி.

மன்னிக்கவும், உறுதி செய்யவும். தினமும் உதவியாளர் வருவது உங்களுக்குத் தேவையா?

இப்போது கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு, "வேணாம்."

கடைசி முறையாக உறுதி செய்யவும்.

"வேணாம்."

பேனா அவள் கையில் நின்றது. அந்த மூன்றாவதை அவள் இதற்கு முன்பு ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாய் செருக வந்த அன்று. அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. வேணாம் என்றால் வேணாம்.

"அவரு குரல்தானேம்மா?"

"அவருதான்."

"அப்ப எழுதுங்க. அவர் சொன்னது அந்த அர்த்தத்துல இல்லைன்னு ஒரு வரி."

அவள் தாளைப் பார்த்தாள். ஒரு வரிதான். இடுப்பில் சிவந்திருந்தது, வீங்கிய மணிக்கட்டு, வெள்ளிக்கிழமை, எல்லாம் அந்த ஒரு வரிக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. பேனா முனை தாளில் ஒரு புள்ளி வைத்தது, அதற்கு மேல் நகரவில்லை.

"நாளைக்கு வந்து எழுதிக் குடுக்கட்டுமா மேடம்?"

ஏழாம் நம்பர் அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாளைக்கா? இப்பதானேம்மா அவ்வளவு அவசரம்னீங்க? சந்தேகம்னா ஆப்புல போட்டோ எல்லாம் இருக்கு, பாருங்க. ஒவ்வொரு நாளும் உதவியாள் வந்து வேலை செய்யறதுக்கு முன்னால ஒண்ணு, செஞ்ச பின்னால ஒண்ணு எடுத்துப் போடணும். ஒழுங்காத்தான் நடந்திருக்கு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல முடியலைன்னா சொல்லுங்க. காப்பகத்துக்கு எழுதிப் போடலாம். அது சீக்கிரமே கிடைக்குது இப்ப" என்றாள்.

ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஆப்பைத் திறந்தாள். போட்டோ என்று ஒரு பக்கம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. காற்று மண்ணை வாரி முகத்தில் போட்டது. போனைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பார்த்தாள்.

முதல் படத்தில் அண்ணன் குளியல் நாற்காலியில் இருந்தார். துண்டு இல்லை. எடுத்தவரைப் பார்த்துத் திகைத்த முகம். அடுத்த நாள், வேறு யாரோ எடுத்தது, கோணம் வேறு. அதற்கடுத்த நாளும் வேறு. ஒரு படத்தின் ஓரத்தில் இன்னொரு ஆளின் கை தெரிந்தது, கையில் டீ டம்ளர். ஒன்றில் கதவு அகலத் திறந்து கிடந்தது, வெளியே மாடிப்படி தெரிந்தது. இரண்டாவது மாதத்துப் படங்களில் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒரு படம் பாக்கியில்லாமல், எல்லாவற்றிலும் மூடிக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே பச்சையில் டிக் போட்டிருந்தது.

அவள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டாள்.

வீட்டில் வேன்காரர் இடுப்பில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். நடந்ததைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார், உட்கார்ந்த வேகத்தில் 'அம்மா' என்று கத்தினார்.

"கையெழுத்தப் போட்டுட்டு வர வேண்டியதுதானே? ஒரு வரி! எழுதப் படிக்கத் தெரியாதா உனக்கு?"

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"பொய்யாவது மெய்யாவது! மச்சான் ஒரு நாளைக்கு நூறு வேணாம் சொல்றாரு. அதுல ஒண்ண மட்டும் பிடிச்சுக்கிட்டு, அது நிஜ வேணாம்னு எப்படிச் சொல்ற நீ?"

"எனக்குத் தெரியும்."

"சரி, தெரியும். அப்ப யாரு தூக்கறது? நானா? என் இடுப்பப் பாரு. நீயா? உன் கையப் பாரு. நாளைக்கு உன் வேலை போகப் போகுது. அப்புறம் மூணு பேரும் வரிசையா படுத்துக்கிட்டு வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டிருக்க வேண்டியதுதான்."

அவள் போனை அவரிடம் நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பத்துப் படம் பார்த்திருப்பார். போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். வெந்நீர்ப் பையை அவிழ்த்தபடியே, "என்னையே இப்படிப் படம் எடுத்தா கைய உடைச்சிருப்பேன்" என்றார். "அவருக்கு உடைக்கக் கை இல்ல."

ரொட்டியை டீயில் நனைத்து எடுத்துக்கொண்டு அவள் அண்ணனிடம் போனாள். அவித்த முட்டையை நாலாக வெட்டி ஊட்டினாள். அவர் மெல்ல மெல்ல மென்றார். வாயைத் துடைத்துவிட்டு, முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஆபீஸுல உன் குரல் கேட்டேன். போன்ல மூணு தரம் சொன்னியே."

அவர் பார்வையைத் திருப்பினார்.

"மூணாவது நெஜந்தானே?"

அவருடைய இடது கை படுக்கை விரிப்பைக் கசக்கியது. ஆமாம் என்பதற்கு அவருக்கு வார்த்தை இல்லை. அவள் விரலை எடுத்து அவர் கைக்குள் வைத்தாள். அவர் இறுக்கிப் பிடித்தார். ரொம்ப இறுக்கி. அவளுக்கு வலித்தது.

"போட்டோவப் பாத்தேன். எனக்குத் தெரியாது அண்ணா. சத்தியமா தெரியாது. மணி அடிச்சா எல்லாம் நல்லபடியா நடந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

"வேணாம்" என்றார். அழாதே என்று அர்த்தம்.

"ஆனா உன்னால முடியாது. எங்களாலயும் முடியல. இடுப்புல புண்ணு வரப் பாக்குது. ஆளே வேணாமா? இல்ல, தினம் ஒரு ஆளு வேணாமா?"

அவர் கண்ணை மூடினார். இதை ஒரு சொல்லால் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு கை மெதுவாக மேலே போயிற்று. சுட்டுவிரலால் மூக்குக்குக் கீழே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பெரிதாக ஒரு மீசை வரைந்தார். வரைந்து முடித்ததும் உதடு கோணிக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வேன்காரர் எப்போது அறைக்குள் வந்தாரோ, வாசற்படியில் நின்றபடியே மூக்கை உறிஞ்சினார்.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. ஆபீஸ் திறக்கும்போதே ஏழாம் நம்பர் ஜன்னல் முன்னால் இருந்தாள்.

"வாங்க. எழுதியாச்சா?"

"மேடம், அவரு வேணாம்னு சொன்னது நிஜம்தான்."

ஏழாம் நம்பர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள். "நீங்க இத என்கிட்ட சொல்லியிருக்கவே கூடாதும்மா. இப்ப நான் எப்படித் திறக்கறது? சொந்த விருப்பம்னு போட்டது சரின்னு ஆயிடுதே."

"அவருக்கு உதவி வேணும். தினம் ஒரு புது ஆளு முன்னால துணியில்லாம உக்கார வேணாம். போட்டோ வேணாம். இத உங்க மெஷின் கேக்கல. கேட்டிருந்தா அதுக்கும் அவரு வேணாம்னுதான் சொல்லியிருப்பாரு, அது வேற விஷயம்." பேசப் பேச அவளுக்குக் குரல் ஏறியது. போனை ஜன்னலுக்குள் நீட்டினாள். "நீங்களே பாருங்க. உங்க வீட்டு ஆளுன்னு நினைச்சுப் பாருங்க."

அம்மாள் பார்த்தாள். மூன்றாவது படத்திலேயே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பக்கத்து ஜன்னலை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"போட்டோவுக்கு வழி இருக்கு" என்றாள். "ஆளத்தான் எடுக்கணும்னு விதியில்ல. வேலை நடந்ததுக்கு அத்தாட்சி வேணும், அவ்வளவுதான். பிழிஞ்ச ஈரத் துண்ட எடுத்துப் போட்டாக்கூட மெஷின் ஏத்துக்கும். யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல போல. நாங்களும் சொல்லல."

"அந்த மீசைக்காரரு?"

"இன்னார்தான் வேணும்னு கேக்க அதுல இடமே இல்லம்மா. இருந்தா எல்லாரும் கேப்பாங்க, யாரும் யாருக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. பழைய குப்பைக்கே திரும்பிடும். நானே அந்தப் பழைய ஆபீஸுல இருபது வருஷம் இருந்தவ. ஒரு பேப்பரத் தேட மூணு நாள் ஆகும். செத்தவங்களுக்கு ஊன்றுகோல் போய்ச் சேந்திருக்கு." இரண்டு விரலால் எதையோ தட்டித் திறந்தாள். மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். ஓரிடத்தில் நின்றாள்.

"உங்க அண்ணன் பேசறது எத்தனை பேருக்குப் புரியும்?"

"எனக்குப் புரியும். எங்க வீட்டுக்காரருக்குப் பாதி. மீசை அண்ணனுக்கு முழுக்கப் புரியும்."

"வேற யாருக்கும் புரியாதா?"

"டாக்டருக்கே புரியாது."

"அப்ப சரி." அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "மொழின்னு ஒரு கட்டம் இருக்கு. வெளியூர்லேருந்து வந்தவங்களுக்காக வெச்சது. அந்த மொழி தெரிஞ்ச ஆளத்தான் அனுப்பும், வேற ஆள அனுப்பாது. மெஷினுக்குத் தெரியாத மொழின்னா அது வாங்கின பதிலும் செல்லாது, திறந்துக்கலாம்." தட்டினாள். "மொழி, இதர. தெரிஞ்ச உதவியாளர், ஒருத்தர். அவரு நம்பர் என்ன?"

தங்கச்சி நம்பரைச் சொன்னாள். ஜன்னல் பக்கம் குனிந்தாள். "இது தப்பாயிடாதே மேடம்? கேட்டா?"

"பொய் ஒண்ணும் எழுதலியே. டாக்டர் கடிதம் இருக்கு. கேட்டா நான் சொல்லிக்கறேன்." திரையில் ஏதோ சுற்றியது, நின்றது. "அவரு இந்தப் பக்கம் வாரத்துல நாலு நாள்தான் வர்றாரு. நாலு நாளைக்குத்தான் கிடைக்கும். மிச்சம் மூணு நாள் நீங்கதான் பாத்துக்கணும். மெஷின் போடற போன் இனி உங்க நம்பருக்கு வரும்."

"நாலு போதும்."

எழுந்தவள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கேட்க வேண்டும் என்று வந்ததல்ல, வாயில் வந்துவிட்டது. "இப்படி மெஷின் கேட்டு, வேணாம்னு மூடுனது எங்க அண்ணனுது மட்டுந்தானா?"

"இந்த வட்டாரத்துல அறுபத்தோரு பேரு. மூணு மாசத்துல. நல்ல முன்னேற்றம்னு மேலதிகாரி பாராட்டிக் கடிதம் அனுப்பியிருக்காரு."

"அவங்க எல்லாம் நெஜமாவே வேணாம்னாங்களா?"

ஏழாம் நம்பர் அம்மாள் அடுத்த நம்பருக்கான பொத்தானை அழுத்தினாள்.

மீசை செவ்வாய்க்கிழமை வந்தான். அன்றைக்கு மட்டும் அரை நாள் அனுமதி கேட்டுக்கொண்டு தங்கச்சி வீட்டில் இருந்தாள். வெள்ளிக்கிழமை வராததற்காக அவளைக் காலரிலிருந்து எடுத்து பட்டன் வைக்கிற மெஷினில் போட்டிருந்தாள் சூப்பர்வைசர். வேலை போகவில்லை என்பதே பெரிசு. மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள்.

மூன்று மாடியும் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். "அண்ணே, நான்தான். உள்ள வரலாமா?"

உள்ளேயிருந்து வந்த சத்தத்தை வேணாம் என்று எழுதத்தான் முடியும். ஆனால் அந்த மாதிரி ஒன்றை அவளும் அதுவரை கேட்டதில்லை. அண்ணன் இடது கையால் கட்டிலை அறைந்தார். மீசை ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னண்ணே இது, இப்படி இளைச்சுட்டீங்க? உங்களத் தூக்கறதுக்குன்னு நான் உடம்பத் தேத்தி வெச்சிருக்கேன், நீங்க பாட்டுக்குப் பாதியா குறைஞ்சா எப்படி?" இடுப்பைத் திருப்பியவன் சிவந்த இடத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தான். "சரி. இத நாம பாத்துக்கலாம். ரெண்டு வாரம். இப்ப இடது பக்கம் திரும்பப் போறோம்ணே."

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழுகிற சத்தமும், நடுநடுவே மீசையின் பேச்சும், அதற்கு அண்ணனின் ஒற்றைச் சொல் பதில்களும் கேட்டன. இரண்டு பேரும் ஏதோ சண்டை போடுவது மாதிரி இருந்தது. தங்கச்சி கொடியில் துணியை உலர்த்தப் போனாள். காற்று இன்னும் அடங்கவில்லை. ஒவ்வொரு துணிக்கும் இரண்டு கிளிப் போட வேண்டியிருந்தது. ஐம்பது நிமிஷத்தில் முடியவில்லை. எழுபத்தைந்து ஆயிற்று. மீசை பிழிந்த துண்டைக் கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் படம் எடுத்தான். "அடுத்த வீட்டுக்கு ஓடணும். லேட்டுன்னு ஒரு சிவப்புக் குறி விழும். விழட்டும்" என்று சொல்லி, அவள் கொடுத்த டீயை நின்றபடியே ஊற்றிக்கொண்டு இறங்கினான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மீசை வராத மூன்று நாளும் பயம்தான். வேன்காரர் அவனிடம் தூக்கும் வித்தையைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். இடுப்பை விட்டு முழங்காலால் தூக்க வேண்டுமாம். மொழிக் கட்டத்தை யாராவது பார்த்து, இதென்ன என்று கேட்டுவிடுவார்களோ என்று தங்கச்சி ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தாள். போன் வைத்த இடத்தை நாலு தரம் தொட்டுப் பார்ப்பாள்.

பத்து நாள் கழித்து, ஒரு கையெழுத்து பாக்கி என்று ஆபீஸிலிருந்து சேதி வந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஓடினாள். முப்பது நிமிஷம், போக வர பஸ்ஸுக்கே இருபது போய்விடும். ஏழாம் நம்பர் ஜன்னலில் 'உணவு இடைவேளை' என்று அட்டை தொங்கியது. ஆனால் அம்மாள் உள்ளேதான் இருந்தாள். சாப்பாட்டு டப்பா திறந்தபடி இருந்தது, கை வைத்த மாதிரி தெரியவில்லை. காதில் போனை இடுக்கிக்கொண்டு, முன்னால் ஒரு நீளத் தாள். தாளில் வரிசையாகப் பெயர்கள். சிலவற்றுக்குப் பக்கத்தில் பேனாவால் கோடு, சிலவற்றுக்குப் பக்கத்தில் நெருக்கி நெருக்கி ஏதோ எழுதியிருந்தது. பாதிக்கு மேல் இன்னும் தொடாமலே இருந்தன.

அவளைப் பார்த்ததும் கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.

"இல்லம்மா, இது மெஷின் இல்ல" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆளுதான் பேசறேன். ஆபீஸுலேருந்து. உங்க வீட்டுக்கு வந்துக்கிட்டிருந்த பொண்ண நிறுத்திட்டோம் இல்லையா, அதப் பத்தி. நீங்களாவே வேணாம்னீங்களா, இல்ல வேற ஏதாவதான்னு கேக்கத்தான் அடிச்சேன்."

அந்தப் பக்கம் யார் என்று தெரியவில்லை. ஏதோ நகர்கிற சத்தம் ஜன்னலுக்கு வெளியே வரை கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஏழாம் நம்பர் அம்மாள் பேனாவைத் தாளின் மேல் வைத்துவிட்டாள். சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி அதைப் பார்த்தாள். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது கால் மணி கழித்துத்தான், சூப்பர்வைசர் வாசலிலேயே நிற்பாள். எழுந்திருக்கப் பார்த்து, எழுந்திருக்காமல் உட்கார்ந்தாள்.

"பரவால்லம்மா, நிதானமா சொல்லுங்க" என்றாள் ஏழாம் நம்பர் அம்மாள், போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு. "நான் வெக்க மாட்டேன்."